கேம் கேள்வி பதில்: தட்டையான தரையும் ஒரு பக்கம் சாயும்

கேள்வி: என் நண்பனோடு சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்கிற சண்டை கேம் விளையாடும்போதெல்லாம் அவன் ஃபைனல் டெஸ்டினேஷன் ஸ்டேஜ்தான் (சண்டை நடக்கிற மேடை) வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பலகை, தொந்தரவு எதுவும் இல்லாத வெறும் தரை என்பதால் அதுதான் நியாயமாம். சரியா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: நண்பர் எந்தக் கேரக்டரை எடுக்கிறார் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! அவர் மார்த், நீங்கள் ஃபாக்ஸ் என்றால் அவருடைய நியாய உணர்ச்சிக்குக் காரணம் புரிந்துவிடும். மார்த் ஃபாக்ஸைப் பிடித்து மேலே எறிவான், ஃபாக்ஸ் வேகமாகக் கீழே விழுகிற ஆள் என்பதால் விழுந்த இடத்திலேயே மறுபடி பிடி, மறுபடி எறி, இப்படியே ஒரே பிடியில் தொடங்கி அடிமேல் அடியாகக் குவித்துவிடலாம். பேட்டில்ஃபீல்ட் போன்ற ஸ்டேஜில் நடுவானில் மூன்று பலகைகள் இருக்கின்றன, எறியப்பட்ட ஃபாக்ஸ் அதில் ஒன்றில் இறங்கித் தப்பிக்க வழி உண்டு. ஃபைனல் டெஸ்டினேஷனில் அந்தப் பலகையே கிடையாது.

தட்டையான தரை என்றால் நடுநிலை என்று நினைப்பது பலருக்கும் இருக்கிற பழக்கம். எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. ஆனால் பலகை இல்லாதது என்பதும் ஒரு வடிவமைப்புதான், அது யாருக்கோ கொடுத்து யாரிடமிருந்தோ எடுக்கிறது.

இந்த விளையாட்டில் உயிர்ப்பட்டை கிடையாது, அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும், ஏற ஏற அதிக தூரம் பறப்பீர்கள், திரைக்கு வெளியே இருக்கிற எல்லையைத் தாண்டினால் ஒரு உயிர் காலி. அந்த எல்லை ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வேறு. போட்டிகளில் அனுமதிக்கப்படும் ஆறு ஸ்டேஜ்களில் யோஷிஸ் ஸ்டோரியின் மேல் எல்லைதான் மிகத் தாழ்வு, ட்ரீம் லேண்டினுடையது மிக உயரம். ஃபாக்ஸின் ஆயுதமே எதிரியை மேல்நோக்கி உதைத்து அனுப்புவதுதான், அதனால் பீச், ஜிக்லிபஃப் மாதிரி எடை குறைந்து மெல்ல மிதக்கிறவர்கள் அவனை எதிர்க்கும்போது ட்ரீம் லேண்டைத்தான் தேடுவார்கள். அதே உதை, அதே சதவீதம், ஒரு ஸ்டேஜில் சாவு, இன்னொன்றில் பிழைப்பு.

அதனால்தான் போட்டிகளில் நெடுங்காலமாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதல் ஆட்டத்துக்கு ஐந்து ஸ்டேஜ்களை வைத்து, ஒருவர் ஒன்றை நீக்குவார், மற்றவர் இரண்டை நீக்குவார், மிச்சம் இருக்கும் இரண்டில் முதலாமவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அடுத்த ஆட்டத்துக்கு, ஜெயித்தவர் ஒரு ஸ்டேஜைத் தடுக்கலாம், தோற்றவர் மீதியில் தனக்கு வேண்டியதைக் கேட்கலாம். எந்த ஸ்டேஜும் எல்லோருக்கும் சமம் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு செய்த ஏற்பாடு இது. நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் மார்த்தேதான்.

கேள்வி: அப்படியென்றால் மெலீயின் ஹைரூல் டெம்பிள் ஸ்டேஜைப் போட்டிகளில் ஏன் தடை செய்தார்கள்? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஸ்டேஜ் அது. (திருச்சி வாசகி)

பதில்: நாலு பேர் சேர்ந்து கத்திக்கொண்டு ஆட அது அருமையான இடம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர், எட்டு நிமிட நேரக் கெடு என்று வரும்போது, ஃபாக்ஸ் ஒரு அடி அடித்து முன்னிலை பெற்றுவிட்டு அந்தப் பெரிய கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடினால் போதும், மெதுவான கேரக்டர்கள் அவனைப் பிடிக்கவே முடியாது, நேரம் முடிந்ததும் ஜெயிப்பு. சண்டை விளையாட்டு ஓட்டப்பந்தயமாகிவிடுகிறது. இத்தனைக்கும் ஸ்டேஜில் அசைகிற பொருள் இருப்பதெல்லாம் தடைக்குக் காரணம் இல்லை. யோஷிஸ் ஸ்டோரியில் ரேண்டல் என்று ஒரு மேகம் சுற்றி வருகிறது, இருபது விநாடிக்கு ஒரு சுற்று, ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்தே அது இப்போது எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, கீழே விழப் போகிற நேரத்தில் மேகத்தின் மேல் போய் இறங்குகிறவர்களைப் பார்த்தால் கைதட்டத்தான் தோன்றும்.

கேள்வி: டெக்கன் சண்டை கேமில் சுவர் இருக்கும் ஸ்டேஜ் வந்தாலே தோற்கிறேன். சுவரே இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே? (சேலம் வாசகர்)

பதில்: இருந்ததே! 1997-இல் வந்த டெக்கன் 3-இல் சுவர் கிடையாது, பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்க்கொண்டே இருக்கலாம். 2001-இல் டெக்கன் 4 சுவரைக் கொண்டுவந்தது, கூடவே மேடு பள்ளமான தரையையும். சுவர் தங்கிவிட்டது, மேடு பள்ளம் அடுத்த பாகத்திலேயே போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கை, 1996-இல் வர்ச்சுவா ஃபைட்டர் 3 இதே சரிவுத் தரையைச் செய்து பார்த்து நாலாம் பாகத்தில் கைவிட்டது. ஒருவர் கைவிட்ட அதே காலத்தில் இன்னொருவர் கை வைத்திருக்கிறார். காலடி உயரம் மாறினால் கைக்குப் பழகிய காம்போ (இடைவிடாத தொடர் அடி) நடுவில் தவறிப்போகும், அது திறமைக்கு வைக்கும் சோதனையாக இல்லாமல் எரிச்சலாகத்தான் முடியும் என்பது என் கட்சி.

சுவர் அப்படி இல்லை. பின்வாங்கிப் பின்வாங்கி எதிரியின் அடி காற்றில் போனதும் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு எல்லையில்லாத ஸ்டேஜ் சொர்க்கம். காம்போவிலேயே எதிரியை நீண்ட தூரம் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டவைத்து மேலும் நாலு அடி போடுகிற கேரக்டருக்கு அங்கே பாதி பலம் வீண். டெக்கன் 7-இல் இரண்டு வகை ஸ்டேஜும் உண்டு. நீங்கள் சுவரில் தோற்பதற்குக் காரணம் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்காததுதான் என்று நினைக்கிறேன். சுவர் நெருங்கும்போது பக்கவாட்டில் நகருங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் சண்டை கேமில் ஸ்டேஜ் வெறும் படம்தானே? (பெயர் வேண்டாம், புதுச்சேரி)

பதில்: 1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் எல்லா ஸ்டேஜும் ஒரே தட்டைத் தரைதான், பின்னணி மட்டும் மாறும். ஆனால் அதற்கு மேல் பின்வாங்க முடியாத மூலை இருக்கிறதே! கைல் என்ற கேரக்டர் சோனிக் பூம் என்கிற எறி அடியை விட வேண்டுமானால் முதலில் ஸ்டிக்கைப் பின்பக்கம் அழுத்தி வைத்திருக்க வேண்டும், எட்டவே இருந்து ஆடுகிற அவன் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பான். பிடித்துச் சுழற்றி அடிக்க நெருங்கி வருகிற ஸாங்கீஃப் என்ற கேரக்டருக்கு அந்த மூலைதான் கூட்டாளி. ஸ்டேஜை இரண்டு மடங்கு நீளமாக்கிப் பாருங்கள், ஸாங்கீஃப் பாடு திண்டாட்டம். ஒருவரையும் தொடாமல், தரையை மட்டும் நீட்டி, ஒரு கேரக்டரைக் கெடுத்துவிடலாம்.

கேள்வி: சோல்கேலிபர் சண்டை கேமில் நான் நன்றாக அடித்து உயிரைக் குறைத்து வைத்திருக்கிறேன், அண்ணன் ஆஸ்டராத் கேரக்டரை வைத்து என்னைத் தூக்கி வெளியே வீசி ஜெயித்துவிடுகிறார். இதெல்லாம் ஒரு ஆட்டமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: ஆட்டம்தாம்மா. விளிம்பைத் தாண்டி விழுந்தால் எவ்வளவு உயிர் இருந்தாலும் அந்த ரவுண்டு போச்சு, அண்ணன் அதைத் தெரிந்துகொண்டுதான் அவனை எடுக்கிறார். ஆஸ்டராத் மெதுவானவன், நடு மேடையில் அவனைச் சுற்றி வந்து அடிக்கலாம், விளிம்புக்கு முதுகைக் காட்டி மட்டும் நிற்காதே. இல்லையென்றால் அடுத்த முறை நாலு பக்கமும் சுவர் இருக்கிற ஸ்டேஜை நீ எடு. அண்ணன் முகம் எப்படிப் போகிறது என்று எழுது.