டிரானெக்சாமிக் அமிலம் ரத்தத்தை உறைய வைக்கிறதா?

ஆல்டெபிளேஸ், டிரானெக்சாமிக் அமிலம் ஆகிய இரண்டு மருந்துகளுமே ரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன. பிறகு எப்படி ஒன்று உறைவைக் கரைக்கிறது, மற்றது ரத்தக்கசிவைக் குறைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். குழப்பம் நியாயமானதுதான்.

உறைவைத் தாங்கிப் பிடிக்கும் புரத இழையான ஃபைப்ரினில் ஒட்டியிருக்கும் பிளாஸ்மினோஜனை ஆல்டெபிளேஸ் வெட்டி பிளாஸ்மினாக்குகிறது. அந்த பிளாஸ்மின்தான் ஃபைப்ரினை அறுக்கிறது. பிளாஸ்மினோஜன் ஃபைப்ரினில் பற்றிக்கொள்வது லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடங்களில். டிரானெக்சாமிக் அமிலம் லைசின் வேடம் போட்டு வந்து, பிளாஸ்மினோஜனின் அந்தப் பிடியை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. புது உறைவு எதையும் அது உண்டாக்குவதில்லை, இருப்பதைக் கரையவிடாமல் காக்கிறது. ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ளவருக்குப் பல் பிடுங்கும்போது இது கைகொடுப்பதும் இதனால்தான். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ பொதுவாகத் தவிர்ப்பார்கள்; கரையாத உறைவு சிறுநீர்ப் பாதையை அடைக்கலாம்.

அப்புறம், உறைவைக் கரைக்கும் இன்னொரு மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸைத் தனியாகப் படியுங்கள். அது தானாக எதையும் வெட்டாது. பிளாஸ்மினோஜனோடு சேர்ந்த பிறகே மற்ற பிளாஸ்மினோஜனை வெட்டும்.