பொருளாதாரம் படித்த மகள் அரசியலுக்குப் போகிறேன் என்றால்

அம்மா, வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கப்போகும் மகள், பிஎச்.டி. வாங்கியதும் அரசியல்தான் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "இதெல்லாம் நடக்கிற காரியமா, கல்யாணம் என்னாவது" என்ற உங்கள் கவலை புரிகிறது. நடந்திருக்கிறது. துருக்கியின் தான்சு சில்லர் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன்.

1946-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். கல்யாணம் முடிந்த பிறகுதான் அமெரிக்கா போய் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கணவர் ஓசெர், மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஊர் திரும்பி போஸ்பரஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, 1983-இல் பேராசிரியர் ஆனார். கட்சியில் சேர்ந்தது 1990-இல், நாற்பதைத் தாண்டிய பிறகு. அதாவது, உங்கள் மகள் இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததை அவளும் உட்கார்ந்து படிக்க வேண்டும். 1991-இல் எம்.பி., உடனே பொருளாதார அமைச்சர், 1993 ஜூனில் துருக்கியின் முதல் பெண் பிரதமர். அந்த ஆண்டின் கடைசியில் வட்டியைக் குறைத்தே தீருவது என்று அவருடைய அரசு, கடன் வாங்குவதற்காக நடத்தும் பத்திர ஏலங்களை ரத்து செய்தது. பத்திரம் வாங்க வழியில்லாமல், கையில் துருக்கி நாணயமான லிரா வைத்திருந்தவர்கள் டாலருக்கு ஓடினார்கள். 1994-இன் முதல் சில மாதங்களிலேயே லிராவின் மதிப்பு பாதிக்கும் கீழே போயிற்று. ஏப்ரல் 5-ஆம் தேதி கடும் சிக்கன நடவடிக்கைகளை அறிவிக்க வேண்டி வந்தது. விலைவாசியில் அடிபட்டது சாதாரண ஜனம். பொருளாதாரப் பேராசிரியரின் ஆட்சியில்தான் இதெல்லாம் நடந்தது.

அவர் படிப்பில் குறையில்லை. கட்சிக்குள் நுழைந்து மூன்றே வருடத்தில் உச்சிக்குப் போனவருக்குக் கீழ்மட்ட அனுபவம் சேர நேரமே இருக்கவில்லை என்பது என் கணிப்பு. 2002 தேர்தலில் கட்சி, இடம் பெறத் தேவையான 10 சதவீத வாக்கைக்கூட எட்டாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. தலைமையை விட்டு விலகினார்.

அதனால் மகளைத் தடுக்காதீர்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை; படிப்புச் செலவுக்கு உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆய்வுத் தலைப்பை உள்ளாட்சி நிதி, ரேஷன் மாதிரி மக்களைத் தொடும் விஷயமாக எடுக்கச் சொல்லுங்கள். கிராமசபை கூடும் நாட்களில் போய் உட்கார்ந்து கேட்கட்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அரசுக் கல்லூரி வேலையில் இருந்துகொண்டு கட்சியில் சேர முடியாது, நடத்தை விதி இடம் கொடுக்காது. அந்த வேலையா கட்சியா என்பதை அவள் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு தீர்மானிக்கட்டும்.