இங்கே ஓடாத கால் அங்கே எப்படி ஓடுகிறது?

கேள்வி: நான் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டோட ரசிகன். ராஷ்போர்டு எங்க கிளப்ல இருந்தப்போ பந்தைப் பறிகொடுத்துட்டு இடுப்புல கை வச்சு நின்னதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சது. பார்சிலோனா போனதும் நியூகாசிலுக்கு எதிரா ரெண்டு கோல் அடிக்கிறான். அப்போ எங்களுக்கு வேணும்னே ஆடலைன்னுதானே அர்த்தம்? வாரத்துக்கு மூணு லட்சம் பவுண்டுக்கு மேல வாங்குறவனுக்கு மனசாட்சி வேண்டாமா? இதுல பள்ளிக்கூடச் சாப்பாடுன்னு அரசியல் வேற. எங்க ஏரியா செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால்) டீம்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான். போன வருஷம் அவன் அடிச்ச கோல்லதான் ரெண்டு டோர்னமென்ட் ஜெயிச்சோம். இப்போ ஓடவே மாட்டேங்கிறான், பிராக்டிஸுக்கும் லேட்டு. வாட்ஸ்அப் குரூப்ல நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டோம், கோவிச்சுக்கிட்டான். டீமை விட்டுத் தூக்கிரலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: அர்த்தம் அது இல்லை. நீங்கள் சொல்லும் நியாயத்தையே கையில் வைத்துக்கொண்டு ராஷ்போர்டின் கணக்கை வரிசையாகப் பாருங்கள். 2021-22 சீசனில் எல்லாப் போட்டிகளும் சேர்த்து 5 கோல். அடுத்த சீசனில் 30. அதற்கடுத்ததில் 8. கோல் குறைந்தால் மனசு வைத்து ஆடவில்லை என்றுதான் பொருள் என்றால், 2022இல் திடீரென்று ஆறு மடங்கு பொறுப்பு வந்து மறு வருடமே அது காணாமல் போய்விட்டது என்று ஆகிறது. எந்த மனுஷனும் அப்படி இருப்பதில்லை.

அந்த 5 கோல் வருடத்துக்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். தோள்பட்டைக் காயத்தோடேயே ஒரு சீசனை ஓட்டினார். 2021 ஜூலையில் யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்கு ஆடும்போது பெனால்டியைத் தவறவிட்டார், அன்றைக்கு ராத்திரியே அவரையும், அவரைப் போலவே பெனால்டியைத் தவறவிட்ட சான்சோவையும் சாகாவையும் நிறத்தைச் சொல்லி இன்ஸ்டாகிராமில் ஏசித் தீர்த்தார்கள், மான்செஸ்டரில் அவர் முகம் வரைந்திருந்த சுவரில் போய்க் கிறுக்கினார்கள். ஆகஸ்டில் அறுவை சிகிச்சை. அதெல்லாம் முடிந்து களத்துக்குத் திரும்பி வந்தவரைப் பார்த்துத்தான் 'ஓடவே மாட்டேங்கிறான்' என்றார்கள்.

உங்கள் பக்கம் இதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். 2023 ஜூலையில் 2028 வரைக்கும் புது ஒப்பந்தம் போட்டார், அதற்கப்புறம்தான் ஆட்டம் விழுந்தது. அந்த அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0 என்று தோற்ற பிறகு இரவு விடுதிக்குப் போனார், பயிற்சியாளர் டென் ஹாக் ஏற்கவே முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட்டில் இரவு கழித்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று பயிற்சிக்கு வரவில்லை, நியூபோர்ட்டுக்கு எதிரான கோப்பைப் போட்டியிலும் ஆடவில்லை. இரண்டு வாரச் சம்பளம் அபராதம் என்று செய்தி வந்தது, அவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று கிளப் அறிவித்தது. இதற்கெல்லாம் நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். தொழிலாக ஆடுகிறவன் பயிற்சிக்கு வரணும், பொய் சொல்லக் கூடாது, வாங்குகிற சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான். அடுத்துப் பயிற்சியாளராக வந்த அமோரிம், தினமும் முழு மூச்சோடு பயிற்சி செய்யாதவனை விட 63 வயது கோல்கீப்பர் கோச்சையே பெஞ்சில் உட்கார வைப்பேன் என்றார். பக்கத்தில் நின்று தினமும் பார்த்தவர் சொன்னது, அதையும் நான் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் நீங்கள் கேட்டது பெல்ஃபாஸ்ட்டைப் பற்றி இல்லையே. வேண்டுமென்றே ஆடவில்லையா என்று ஒருத்தருடைய மனசுக்குள் இருப்பதைக் கேட்கிறீர்கள், அதற்கு ஆதாரமாக நீங்கள் காட்டுவது பார்சிலோனாவுக்காக அடித்த இரண்டு கோல். இங்கிலாந்து லீக்கில் யுனைடெட் 2023-24இல் எட்டாம் இடம், 2024-25இல் பதினைந்தாம் இடம். அங்கே பாதி நாள் பெஞ்சில் கிடந்த மெக்டாமினே நாப்போலிக்குப் போன முதல் சீசனிலேயே இத்தாலி லீக்கைத் தூக்கி, அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். எல்லோரும் கேலி செய்து அனுப்பிய அந்தோனி, ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்குப் போய் ஐரோப்பிய இறுதிப் போட்டி ஒன்றில் ஆடினார். இத்தனை பேரும் ஒன்றுகூடி உங்களை ஏமாற்றினார்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை. பந்து எந்த இடத்தில் காலுக்கு வருகிறது, யார் கொடுக்கிறார்கள், வாங்கியதும் முன்னால் இடம் இருக்கிறதா, பயிற்சியாளர் எங்கே நிற்கச் சொல்கிறார், இது எல்லாம் மாறினால் ஆட்டம் மாறும். இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து அடிக்கிறவர் ராஷ்போர்டு. அவருக்கு முன்னால் திறந்த புல் வேண்டும், பின்னால் வேகமாகப் பந்து போட ஆள் வேண்டும். இரண்டும் இல்லாத ஆட்டத்தில் அவர் இடுப்பில் கை வைத்து நிற்பது டிவியில் தெரியும், ஏன் நிற்கிறார் என்பது தெரியாது.

பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. டெலி அலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை இங்கிலாந்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது வாங்கியவர், 2016-17 லீக்கில் மட்டும் 18 கோல். இரண்டு மூன்று வருடத்தில் ஆட்டம் சரிந்தது. டாட்டன்ஹாம் கிளப்பில் பயிற்சியாளர் மொரினியோ அவரைப் பார்த்து, நீ பயிற்சியில் சோம்பேறி என்று கெட்ட வார்த்தை போட்டுச் சொன்னது ஒரு ஆவணப்படத்தில் பதிவாகி, 2020இல் உலகமே பார்த்தது. ரசிகர்களுக்கு அது போதாதா? எவர்ட்டன் கிளப்புக்குப் போனார், அங்கிருந்து துருக்கியின் பெசிக்டாஸ், இஸ்தான்புல்லில் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். 2023 ஜூலையில் முன்னாள் ஆட்டக்காரர் கேரி நெவிலுக்குக் கொடுத்த பேட்டியில் மனம் விட்டுப் பேசினார். ஆறு வயதில் அம்மாவின் நண்பர் ஒருவரால் பாலியல் கொடுமை, எட்டு வயதில் போதைப்பொருள் விற்கிற வேலை, பன்னிரண்டு வயதில் வேறு ஒரு குடும்பம் தத்தெடுத்தது, பெரியவனான பிறகு எதையும் உணராமல் இருக்கத் தூக்க மாத்திரைக்கு அடிமை. ஆறு வாரம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார். சோம்பேறி என்று சொன்னதற்கு ஒரு வாரம் கழித்து மொரினியோ தன்னிடம் மன்னிப்புக் கேட்டார், அது படத்தில் வரவில்லை என்பதையும் அதே பேட்டியில் சொன்னார். தினமும் பார்த்த பயிற்சியாளரே அவசரப்பட்டுவிட்டார் என்றால், ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு மொபைலில் பார்க்கிற நாம் எந்த தைரியத்தில் தீர்ப்பு எழுதுகிறோம்? இதைப் பேசிய பிறகு அவர் பழைய ஆட்டக்காரர் ஆகிவிட்டார் என்றும் நினைக்காதீர்கள். 2025இல் இத்தாலியின் கோமோ அணிக்கு முதல் தடவை இறங்கி, சில நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கினார். வலிக்குக் காரணம் இருந்தது என்பதற்காக ஆட்டம் திரும்பி வந்துவிடுவதில்லை.

பள்ளிக்கூடச் சாப்பாட்டை நீங்கள் இதற்குள் இழுத்தது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. 2020 ஜூனில் அவர் எம்.பி.க்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்யுங்கள் என்று. பிரிட்டிஷ் அரசு முடிவை மாற்றிக்கொண்டது, ஏறக்குறைய 13 லட்சம் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. இலவசச் சாப்பாட்டில் வளர்ந்தவர் அவர், அம்மா ஒரே ஆளாகச் சம்பாதித்த வீடு. யூரோவில் பெனால்டி போனதும் அங்கேயும் ஒரு எம்.பி., அரசியல் பண்ணிய நேரத்தில் ஆட்டத்தைப் பழகியிருக்கலாம் என்று எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டார். இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் அப்படிப் பேசினால் கூடப் போகட்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்த பிள்ளைகள் நம் தெருவில் இருந்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்குச் சோறு கேட்டதை ஒருத்தருடைய குறையாக எழுதலாமா? பந்தை விட்டதற்குத் திட்டுங்கள், அது உங்கள் உரிமை. இதைத் தொடாதீர்கள்.

இனி உங்கள் டீம் பையன். போன மாசி மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு இரவு செவன்ஸ் பார்த்தேன். ஜெனரேட்டர் வெளிச்சம், சுற்றிக் கயிறு, மைக்கில் ஒருத்தர் வர்ணனை. இடது ஓரத்தில் ஆடிய பையன் இரண்டாம் பாதியில் பந்து பக்கத்தில் வந்தும் போகாமல் நின்றான். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் 'டேய், சோத்துக்கு வந்தியா ஆட வந்தியா' என்று கத்த, மைக்காரரும் அதையே திருப்பிச் சொன்னார். நான் நின்றது அவன் ஓடுகிற பக்கம். வலது ஷூவின் அடி முன்பக்கமாகப் பிய்ந்து, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் மடங்கி விரலுக்குக் கீழே போனது. யாரோ கொடுத்த சணலைச் சுற்றிக் கட்டினான், நாலு ஓட்டம் கூடத் தாங்கவில்லை. இரண்டையும் கழற்றிக் கயிற்றுக்கு வெளியே எறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். ஷூ இல்லாமல் ஆடக் கூடாது என்று ரெஃப்ரி வெளியே அனுப்பிவிட்டார். எதிர்ப்பக்கம் கைதட்டினார்கள், தொலைந்தான் என்று.

உங்கள் பையனுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செவன்ஸ் ஆடுகிறவர்களில் முட்டியில் ஜவ்வு கிழிந்தது தெரியாமலேயே ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. நேராக ஓடினால் ஒன்றும் தெரியாது, சட்டென்று திரும்பும்போதுதான் முட்டி நழுவும், ஒரு தடவை அப்படி நழுவியவன் அடுத்த தடவை திரும்பவே யோசிப்பான். வெளியே இருந்து பார்த்தால் அது பயம் மாதிரியும் சோம்பல் மாதிரியும்தான் இருக்கும். இல்லை, ராத்திரி வேலைக்குப் போகிறானோ, வீட்டில் எதுவுமோ. ஒன்றும் இல்லாமல் வெறும் அசட்டையாகவும் இருக்கலாம், அதையும் நான் மறுக்கவில்லை.

குரூப்பில் நாற்பது பேர் முன்னால் கேட்டது தப்பு. அங்கே எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான், கோபம்தான் வரும். கேப்டனோ, டீமில் அவனுக்கு அண்ணன் முறையில் இருக்கிற யாராவதோ தனியாகக் கூப்பிட்டுப் போய் டீ வாங்கிக் கொடுத்து, 'ஏன்டா தம்பி, கால்ல எதுவுமா, வீட்ல எதுவுமா' என்று கேளுங்கள். உடனே சொல்லாவிட்டால் இன்னொரு நாள் கேளுங்கள். முட்டி என்று சொன்னால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டுங்கள், அதுவரைக்கும் இறக்காதீர்கள்.

ஒரு காரணமும் இல்லை, அப்படியும் லேட்டாகத்தான் வருகிறான் என்றால் உட்கார வையுங்கள். பார்சிலோனாவில் அதைத்தான் செய்தார்கள். நியூகாசிலுக்கு எதிராக அந்த இரண்டு கோல் அடித்த மூன்றாம் நாள், கெட்டாஃபேவுக்கு எதிரான ஆட்டத்தில் ராஷ்போர்டு தொடக்க அணியில் இல்லை. அணிக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார், அதனால் பயிற்சியாளர் ஃப்ளிக் பெஞ்சில் வைத்தார். இரண்டாம் பாதியில் அவரையே இறக்கினார், அவர் கொடுத்த பாஸில் ஒரு கோலும் விழுந்தது. தாமதத்துக்குத் தண்டனை கிடைத்தது, விஷயம் அங்கேயே முடிந்தது. உங்கள் பையனுக்கும் ஒரு மேட்ச், மிஞ்சினால் இரண்டு மேட்ச், லேட்டாக வந்ததுதான் காரணம் என்று அவனிடமே நேரில் சொல்லிவிட்டு. மனசு இல்லை, துரோகம், சோத்துக்கு வந்தவன், இந்தப் பேச்சு எதுவும் வேண்டாம்.

அப்புறம், ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அந்தச் செலவை அவன் தலையில் கட்டாதீர்கள். போன வருஷம் இரண்டு டோர்னமென்ட் பரிசுப் பணத்தையும் டீமாகத்தானே வாங்கினீர்கள், இதையும் டீமாகப் போடுங்கள்.