கேளுங்கள், சொல்கிறோம்: தரநிலைகளுக்கு ஓர் இணையவழிப் பாடம்

ராமநாதபுரம் கடலோரக் கல்லூரிகளிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: தொழில்நுட்பத் தரநிலைகள் (ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணங்கள்) பற்றி இணையவழியில் ஒரு பல்கலைக்கழகப் பாடம் தயாரிப்பது எப்படி? பாடத் தயாரிப்பிலும் தரநிலைகளைக் கையாள்வதிலும் பழக்கமுள்ளவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: 3 கிரெடிட், 12 வாரம் என்று எங்கள் துறையில் முடிவாகிவிட்டது. முதல் 4 வாரம் சர்வதேசத் தரநிலை அமைப்புகளான ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி., நம் நாட்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆகியவற்றின் வரலாறும் அமைப்பும் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிதானா, ஐயா?
– ஒரு பொறியியல் பேராசிரியர், கீழக்கரை

பதில்: அரை வாரம் போதும். ஐ.இ.சி. 1906, ஐ.எஸ்.ஓ. 1947, நம் இந்தியத் தர நிறுவனமான ஐ.எஸ்.ஐ.யும் அதே 1947, அது 1987இல் அமைவனமாக மாறியது, பிறகு அமைவனத்துக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு தரநிலையைக்கூடத் திறந்து பார்க்காமல் நான்கு வாரம் ஓட்டினால் ஐந்தாவது வாரம் பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள்.

முதலில் நேரக் கணக்கு. தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி 1 கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட்டுக்கு 90 மணி, அதாவது வாரத்துக்கு ஏழரை மணி. இதில் வீடியோ 1 மணியைத் தாண்டவே கூடாது. தரநிலையை வாசிக்க 2 மணி, பயிற்சிக்கு 3 மணி, மீதி விவாதத்துக்கும் வினாவுக்கும். பலரும் 3 மணி நேர வீடியோவை ஏற்றிவிட்டுப் பயிற்சிக்கு இடமே வைப்பதில்லை.

முதல் வாரமே ஐ.எஸ். 456: 2000 (ஐ.எஸ். என்றால் இந்தியத் தரநிலை, கடைசியில் வருவது ஆண்டு) என்ற கான்கிரீட் தரநிலையைக் கையில் கொடுங்கள். கேள்வி இப்படி இருக்கட்டும்: ராமேஸ்வரத்தில் அலைத் திவலை தெறிக்கும் தூரத்தில் ஒரு மாடி வீடு. வெளித்தூணுக்கு எந்த கிரேடு (வலிமைத் தரம்) கான்கிரீட், கம்பிக்கு எவ்வளவு கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்)?

மாணவர் மூன்று அட்டவணைகளைத் தேட வேண்டியிருக்கும். அட்டவணை 3 சூழலைத் தரம் பிரிக்கிறது. கடலோரக் காற்று படும் கான்கிரீட் ‘கடுமை’, கடல் திவலை படுவது ‘மிகக் கடுமை’, ஓதம் ஏறி இறங்கும் இடம் ‘உச்சம்’. அட்டவணை 5 இந்த மூன்றுக்கும் வரிசையாகக் குறைந்தபட்ச கிரேடு எம்30, எம்35, எம்40 என்கிறது. சிமெண்ட் கனமீட்டருக்குக் குறைந்தது 320, 340, 360 கிலோ. தண்ணீர்–சிமெண்ட் விகிதம் அதிகபட்சம் 0.45, 0.45, 0.40. அட்டவணை 16இல் கவர் 45, 50, 75 மி.மீ.

எம்35, 50 மி.மீ. என்று எழுதிவிட்டுப் பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அட்டவணை 16க்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: கடுமை, மிகக் கடுமை சூழலில் எம்35 அல்லது அதற்கு மேல் போட்டால் கவரை 5 மி.மீ. குறைத்துக்கொள்ளலாம். ஆக 45 மி.மீ.யும் சரியான விடைதான். அடிக்குறிப்பை வாசிக்கும் பழக்கம் வருவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இதே வீட்டை இரண்டாம் வாரமும் விடாதீர்கள். அந்த வீட்டுப் போர்வெல் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 800 மி.கி. என்று ஓர் ஆய்வக அறிக்கையைக் கொடுத்து, குடிக்கலாமா, கான்கிரீட் போடலாமா என்று கேளுங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500: 2012இல் ஏற்கத்தக்க அளவு 250, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1000 வரை விடலாம். ஐ.எஸ். 456இல் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000. ஆக, மாற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால் குளோரைடைப் பொறுத்தவரை குடிக்க அனுமதி உள்ள இதே தண்ணீரைத் தூணுக்கு ஊற்ற அனுமதி இல்லை. வெறும் கான்கிரீட்டுக்கு ஊற்றலாம். குடிநீரில் பார்ப்பது முக்கியமாக ருசியை, தூணில் பார்ப்பது கம்பி துருப்பிடிப்பதை. ஒரே பொருளுக்கு வெவ்வேறு எண் ஏன் என்பதை மாணவர் தானே எழுதிக் காட்டட்டும். இந்தப் பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: தரநிலைகளின் பி.டி.எஃப்.ஐ நாங்களே பாடப் பக்கத்தில் ஏற்றிவிடலாமா?
– மண்டபம்

பதில்: கூடாது. பதிப்புரிமை வெளியிட்ட அமைப்பிடம் இருக்கிறது. இந்தியத் தரநிலைகளில் பெரும்பாலானவற்றை அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகத் தரவிறக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தன் பெயரில் பதிவு செய்து எடுப்பதையே முதல் வாரப் பயிற்சியாக வைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. ஆவணங்கள் விலைக்குத்தான்; ஆனால் அவற்றின் நோக்க எல்லையையும் கலைச்சொல் வரையறைகளையும் ஐ.எஸ்.ஓ. தளத்திலேயே இலவசமாக வாசிக்கலாம். முழு ஆவணத்தையும் வாசிக்க வைக்க வேண்டுமென்றால் இணையத் தரநிலைகளை எழுதும் டபிள்யூ3சி, ஐ.இ.டி.எஃப்., தொலைத்தொடர்புத் தரநிலைகளை எழுதும் ஐ.டி.யு. ஆகியவற்றின் வெளியீடுகளைப் பாருங்கள். அவற்றை இலவசமாக எடுக்கலாம்.

கேள்வி: எங்களிடம் இருப்பவர்கள் கலை, அறிவியல் மாணவர்கள். கான்கிரீட் எல்லாம் அவர்களுக்கு எட்டாது. வேறு என்ன வைப்பது?
– தொண்டி

பதில்: உப்பும் மீனும் இருக்கும்போது கவலை எதற்கு? வாலிநோக்கத்தில் அரசு உப்பளமே இருக்கிறது. அயோடின் கலந்த உப்பில் கடைக்கு வரும்போது அயோடின் 15 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 15 பங்கு) குறையக் கூடாது. ஆலையில் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். காரணம், வழியில் ஈரத்திலும் வெயிலிலும் அயோடின் குறைந்துகொண்டே வரும். தரநிலை என்பது அளவை மட்டும் சொன்னால் போதாது, எந்த இடத்தில் அளப்பது என்றும் சொல்ல வேண்டும் என்பது இதில் பளிச்சென்று புரியும்.

மீனில் எழுதும் பயிற்சி வையுங்கள். ‘கரையிலிருந்து லாரிக்குப் போகும் மீன் பெட்டி’ என்று ஒரு பக்கத் தரநிலை எழுதச் சொன்னால், ‘போதுமான ஐஸ் போட வேண்டும்’ என்றுதான் முதலில் எழுதுவார்கள். போதுமா இல்லையா என்பதை யார், எதை வைத்துச் சொல்வது? ‘பெட்டியைத் திறந்தவுடன் மீனின் தடித்த பகுதியின் உள்வெப்பம் 4 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது’ என்று மாற்றி எழுத வைக்க வேண்டும். அதோடு சோதனை முறையும் வேண்டும்: எந்த வெப்பமானி, எவ்வளவு ஆழம், மேலடுக்கிலும் அடியடுக்கிலும் எத்தனை மீன், திறந்து எத்தனை நிமிடத்துக்குள். சோதனை முறை எழுத முடியாத வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு குழு எழுதியதை இன்னொரு குழுவுக்குக் கொடுங்கள். கருத்துப் படிவத்தில் ஐந்து நெடுவரிசை: பிரிவு எண், கருத்தின் வகை (பொது, தொழில்நுட்பம், மொழித்திருத்தம்), கருத்து, முன்மொழியும் மாற்று வாசகம், குழுவின் முடிவு. மாற்று வாசகம் இல்லாத கருத்தை ஏற்காதீர்கள். குறை சொல்வது சுலபம்; வாசகம் எழுதும்போதுதான் யோசிக்க வேண்டிவரும்.

கேள்வி: தீவுப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. வீடியோ ஓடுவதில்லை. பாதிப் பாடம் முடித்தவர்கள் மறுபடி நுழைந்தால் முதலிலிருந்து தொடங்குகிறது. என்ன செய்யலாம்?
– பாம்பன்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. 8 நிமிட வீடியோ நொடிக்கு 700 கிலோபிட்டில் சுமார் 42 எம்.பி.; 350இல் 21 எம்.பி.; 64 கிலோபிட் ஒலி மட்டும் என்றால் 4 எம்.பி.க்கும் குறைவு. மூன்றையும் கொடுத்து மாணவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஆனால் தரத்தைக் குறைத்த வீடியோவில் 0.45ஐயும் 0.40ஐயும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் எண் இருக்கும் எதையும் வீடியோவுக்கு வெளியே, பக்கத்தில் எழுத்தாகவே வையுங்கள். படமாக ஒட்டினால் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல் வழிகாட்டியின் ‘ஏஏ’ நிலை. நம் ஊர் அணுகல் தரநிலை ஐ.எஸ். 17802. தரநிலை பற்றிய பாடமே இவற்றை மீறி நிற்கலாமா?

முதலிலிருந்து தொடங்குவதற்குப் பெரும்பாலும் ஸ்கார்ம் 1.2தான் (பாடத்தைப் பொதியாகக் கட்டிக் கற்றல் தளத்தில் ஏற்றும் ஒரு முறை) காரணம். மாணவர் எங்கே விட்டார் என்பதைச் சேமிக்க அதில் 4096 எழுத்துக்குத்தான் இடம். 12 வாரத்தையும் ஒரே பொதியாகக் கட்டினால் அந்த இடம் நிரம்பி, அதற்குப் பிறகு நடப்பது சேமிப்பில் ஏறாது. வாரத்துக்கு ஒரு பொதி, முடிந்தால் இரண்டு என்று பிரித்துவிடுங்கள். உங்கள் கற்றல் தளம் மூடுல் என்றால் அதன் கைபேசிச் செயலியில் வினாத்தேர்வை இணைப்பு இல்லாமலே எழுத அனுமதிக்கும் வசதி இருக்கிறது. அதை ஒவ்வொரு வினாத்தேர்விலும் தனித்தனியாக இயக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பட்டப்படிப்பில் இணையப் பாடம் எவ்வளவு சேர்க்கலாம்?
– ராமநாதபுரம்

பதில்: மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியாக என்றால், யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை.

கேள்வி: தரநிலை மாறினால் பாடத்தை மறுபடி பதிவு செய்ய வேண்டுமா?
– பெயர் வேண்டாம், திருப்புல்லாணி

பதில்: தொடக்கத்திலேயே பார்த்துக்கொண்டால் வேண்டாம். வீடியோவில் எண்ணைச் சொல்லாமல் ‘அட்டவணை 5ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். பக்கத்தில் தரநிலையின் எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள். ஆண்டு போட்டால் அந்தப் பதிப்பு மட்டும். போடாவிட்டால் இப்போது நடப்பில் இருக்கும் பதிப்பு என்று பொருள். வினாவில் ஆண்டு விட்டுப்போனால் இரண்டு மாணவர்கள் இரண்டு பதிப்பைப் பார்த்து இரண்டு விடை எழுதுவார்கள், இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு விரிதாள் வைத்துக்கொள்ளுங்கள்: தரநிலை எண், ஆண்டு, கடைசித் திருத்த எண், சரிபார்த்த தேதி, அது வரும் வாரம், அதைத் தொடும் வினா எண்கள். பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது ஒவ்வொன்றையும் அமைவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். திருத்தம் வந்திருந்தால் அந்த வினாக்களை உடனே மறைத்துவிட்டு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் மாற்றினார்கள் என்று அந்த வாரப் பயிற்சியாகக் கேளுங்கள். வினாக்களைத் திருத்தி மறுபடி திறக்க ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, அவர் பதவிப் பெயரையும் அதே விரிதாளில் எழுதி வையுங்கள்.