கோடையில் கம்யூனிட்டி காலேஜ் கால்குலஸ் எடுக்கலாமா? பே ஏரியா அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம். உங்கள் மகள் பத்தாம் வகுப்பில் ப்ரீகால்குலஸ் முடிக்கிறாள். அடுத்த வருடம் பள்ளியில் ஏபி கால்குலஸ் பிசி (AP Calculus BC), அதாவது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரக் கால்குலஸ் வகுப்பு. அதற்கு முன் இந்தக் கோடையில் டி ஆன்சா, ஃபுட்ஹில் என்ற கம்யூனிட்டி காலேஜ்களில் ஒன்றில் முதல் கால்குலஸ் வகுப்பான மேத் 1ஏ முடித்துவிட்டால் பிசி சுலபமாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தோழிகள் எல்லாரும் சேர்கிறார்கள், நம் பெண் மட்டும் பின்தங்கிவிடுவாளோ என்ற பதற்றமும் கடிதத்தில் தெரிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசிக்குத் தயாராவது மட்டும்தான் நோக்கம் என்றால், கோடையின் 6 வார வகுப்பு வேண்டாம்.

மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில், ‘குவார்ட்டர்’ என்ற பருவ முறையில், ஒரு யூனிட் என்பது வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து 33 மணி நேர உழைப்பு. மேத் 1ஏ 5 யூனிட், அதாவது 165 மணி. வழக்கமான குவார்ட்டரில் இது 12 வாரத்துக்குப் பரவும். 6 வாரத்தில் அடைத்தால் வாரத்துக்கு 27 மணிக்கு மேல் வரும். ‘ஆன்லைன் வகுப்புதானே, ஜூலையில் ஊருக்குப் போனாலும் அங்கிருந்தே பார்த்துக்கொள்வாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா பாட்டி வீட்டில், கல்யாணம் காதுகுத்துக்கு நடுவே, பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தில் இது நடக்காது. பயணத்தில் ஒரு வாரம் போனாலே பாடத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

இதைவிட முக்கியமான விஷயம், 1ஏ எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்பது. லிமிட், டெரிவேட்டிவ் (வகையிடல்), அவற்றின் பயன்பாடுகள், அவ்வளவுதான். இன்டக்ரல் (தொகையிடல்) அடுத்த வகுப்பான 1பி-யில்தான் வரும். பிசி-யில் பிள்ளைகளை உண்மையில் திணறடிப்பதோ கடைசிப் பகுதிகள்: போலார், பாராமெட்ரிக், அப்புறம் முடிவிலாத் தொடர்கள். தேர்வில் தொடர்களுக்கு மட்டும் 17 முதல் 18 சதவீதம். 1ஏ இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஆக, கோடையில் அவ்வளவு பாடுபட்டு அவள் சுலபமாக்கிக்கொள்வது பிசி-யின் முதல் சில மாதங்களைத்தான். ‘இதெல்லாம் தெரிந்ததுதானே’ என்று அந்த மாதங்களில் வீட்டுப்பாடத்தில் கை தளர்ந்துவிட்டு, தொடர்கள் வரும்போது தடுமாறும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். புத்திசாலிப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது.

நீங்களும் உங்கள் கணவரும் ப்ளஸ் ஒன்னிலேயே வகையிடல் படித்ததாகச் சொல்கிறீர்கள். உண்மை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம் எல்லாம் ஒரே புத்தகத்தில் கலந்து இரண்டு வருடம் ஓடும். ஒன்றில் இருந்த ஓட்டையை இன்னொன்று அடைத்துவிடும். இங்கே ஜாமெட்ரிக்கு ஒரு வருடம், ஆல்ஜீப்ரா 2-க்கு ஒரு வருடம், ப்ரீகால்குலஸுக்கு ஒரு வருடம். ஆல்ஜீப்ராவில் விட்டது கால்குலஸ் வகுப்பில்தான் வெளியே தெரியும். அதனால் கால்குலஸ் வரவில்லை என்று வரும் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால், பெரும்பாலும் கால்குலஸ் சரியாகவே இருக்கும். பின்னத்தில் சறுக்கியிருப்பார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இந்தச் சனிக்கிழமை ஒரு வெள்ளைத் தாளைக் கொடுங்கள். ‘ஒன்றின் கீழ் எக்ஸ் கூட்டல் ஹெச், அதிலிருந்து ஒன்றின் கீழ் எக்ஸைக் கழி, வந்ததை ஹெச்சால் வகுத்துச் சுருக்கு’ என்று சொல்லுங்கள், அதாவது [1/(x+h) − 1/x] ÷ h. கால்குலேட்டர் வேண்டாம், நீங்களும் பக்கத்தில் உட்கார வேண்டாம். பொதுப் பகுதி எடுத்து, மேலே மிஞ்சும் மைனஸ் ஹெச்சை அடித்து, ‘மைனஸ் ஒன்றின் கீழ் எக்ஸ் பெருக்கல் எக்ஸ் கூட்டல் ஹெச்’, அதாவது −1/(x(x+h)), என்று முடித்தாளானால் நல்ல அறிகுறி. ஒன்றின் கீழ் எக்ஸ் கூட்டல் ஹெச் என்பதை இரண்டு பின்னமாகப் பிரித்துவிட்டாளா? அப்போது கோடையில் செய்ய வேண்டிய வேலை தெரிந்துவிட்டது. கூடவே, கொசைன் 150 டிகிரி எவ்வளவு என்று கேளுங்கள். வட்டத்தை மனதில் வரைந்து மைனஸ் ரூட் 3-ன் கீழ் 2 என்று சொல்ல வேண்டும். கூட்டலின் லாகரிதத்தைப் பிரிக்கலாமா என்றும் கேளுங்கள். பிரிக்கக் கூடாது என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனையைக் கல்லூரி செய்யும் என்று நம்பாதீர்கள். 2017-ல் வந்த கலிபோர்னியாவின் ‘அசெம்பிளி பில் 705’ (AB 705) சட்டத்துக்குப் பிறகு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வழக்கொழிந்து, பள்ளி மதிப்பெண்ணைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

அடுத்தது மதிப்பெண். இது டியூஷன் இல்லை, கல்லூரிப் பதிவு. சி வாங்கினாலும், நடுவில் விலகி டபிள்யூ விழுந்தாலும், அது நிரந்தரமாக டிரான்ஸ்கிரிப்ட்டில் இருக்கும். பின்னாளில் மருத்துவம் படிக்க நினைத்தால், பள்ளி நாட்களில் எடுத்த கல்லூரி வகுப்பையும் அந்த விண்ணப்பத்தில் காட்டியாக வேண்டும். யூசி-க்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) மாற்றத்தக்க வகுப்பில் ஏ வாங்கினால் யூசி கணக்கில் வழக்கமான 4-க்குப் பதில் 5 புள்ளி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் புள்ளிகளுக்கு 8 செமஸ்டர் என்ற வரம்பு உண்டு. பள்ளியில் எடுக்கப்போகும் ஏபி வகுப்புகளே அதை நிரப்பிவிடலாம். ஒரே பாடத்துக்கு 1ஏ-யிலும் ஏபி தேர்விலுமாக யூசி இரண்டு முறை கிரெடிட் தராது. இன்னொன்று, கல்லூரியில் சேர்ந்த பிறகு 1974-ன் ஃபெர்பா என்ற கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டப்படி பதிவுகளின் உரிமை மாணவருடையது, வயது 15 ஆனாலும். பேராசிரியருக்கு நீங்கள் மெயில் போட்டால் பதில் வராது. அவளே எழுத வேண்டும், பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் (office hours) அவளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அவள் தயாரா என்று யோசியுங்கள்.

நான் சரி என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. சோதனையில் தடுமாறாதவள், கணக்கு பிடித்துத் தானாகவே கேட்பவள், அல்லது பள்ளியில் பிசி-யே இல்லாதவள். அவர்களுக்கும் இலையுதிர் குவார்ட்டரில் தொடங்கி 1ஏ, 1பி, 1சி என்று வருடம் முழுக்க நிதானமாகப் போவதையே சொல்வேன். பிசி-யின் பாடம் ஏறக்குறைய முழுவதும் அந்த மூன்றில் வந்துவிடும், பிசி-யைத் தனியாக எடுக்கத் தேவை இருக்காது. பள்ளி மாணவர்களுக்கு வகுப்புக் கட்டணம் பொதுவாகத் தள்ளுபடி. புத்தகமும் சில சில்லறைக் கட்டணங்களும் நம் பொறுப்பு. பள்ளியும் நீங்களும் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிவு வரிசையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடைசி இடம்தான், நல்ல நேரங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உங்கள் மகளுக்கு இப்போதைக்கு நான் சொல்வது இது. ஊருக்குப் போய்விட்டு வரட்டும். திரும்பியதும் பள்ளி திறக்கும்வரை தினம் ஒரு மணி நேரம், ப்ரீகால்குலஸ் புத்தகத்தில் பின்னச் சுருக்கம், முக்கோணவியல் சமன்பாடுகள், லாகரிதம் மட்டும். ஆகஸ்டில் பிசி வகுப்பில் உட்கார அது போதும். ஒருவேளை 1ஏ-தான் என்று அவளே பிடிவாதமாக இருந்தால், படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளி கவுன்சலரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1ஏ முடித்தவளைப் பிசி-யில் சேர்ப்பீர்களா, கல்லூரி மதிப்பெண் பள்ளி ஜிபிஏ-யில் ஏறுமா? பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும். அந்தப் பதிலையும் சனிக்கிழமைத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.