மிட்டாய் பேப்பரை எதுக்கு சேத்து வச்சாங்க?

அன்புள்ள அக்கா,

போன மாசம் ஆபீஸ் வேலையா போலந்து போயிருந்தேன். ஒரு நாள் லீவு கெடச்சுது, வார்சால யூத வரலாற்று நிறுவனத்துக்குப் போய் ரிங்கல்ப்ளூம் ஆவணக் கண்காட்சியைப் பாத்துட்டு வந்தேன். ரெண்டாம் உலக யுத்தத்துல ஜெர்மன்காரங்க அடைச்சு வச்ச யூதர்கள், ரிங்கல்ப்ளூம்ங்கறவர் தலைமைல ரகசியமா சேத்து வச்சதாம் அது. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. எங்க பாத்தாலும் பேப்பர், அதுவும் அங்கத்திய யூதர்கள் பேசின யிட்டிஷ்லயும் போலிஷ்லயும். சேகரிப்புல டிராம் டிக்கெட், மிட்டாய் சுத்துற பேப்பர் எல்லாம் இருக்காம். அத்தன ஜனம் செத்துக்கிட்டு இருக்கும்போது இதப் போய் எதுக்கு சேத்தாங்க?

உங்கள் வாசகன், திருச்சி

அன்புள்ள தம்பி,

தப்பா எடுத்துக்க ஒண்ணும் இல்ல, கேட்டதுதான் நல்லது. உள்ள நுழைஞ்சதும் ஹால்ல தரையைப் பாத்தீங்களா? கல்லெல்லாம் வெடிச்சு கருகிப் போயிருக்கும். பக்கத்துல இருந்த பெரிய யூதக் கோவிலை 1943 மே 16ஆம் தேதி ஜெர்மன்காரங்க வெடி வச்சுத் தகர்த்தப்ப இந்தக் கட்டடத்துலயும் தீ பிடிச்சது, அந்தத் தழும்பை மாத்தாம அப்படியே விட்டிருக்காங்க. ரிங்கல்ப்ளூமோட ஆட்கள் வேலை பாத்ததும் இதே கட்டடத்துலதான்.

உங்க கேள்விக்கு பதில் யுத்தத்துக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது. கிழக்கு ஐரோப்பா யூதர்களுக்குன்னு தனி அரசாங்கமும் இல்ல, ஆவணக் காப்பகமும் இல்ல. அவங்களப் பத்தி போலீஸும் அதிகாரியும் எழுதினதுதான் மிஞ்சும். அதனால 1891லயே சைமன் டுப்னோவ்ங்கற வரலாற்றாசிரியர் உங்க ஊர்ப் பழைய ஏடுகளை நீங்களே சேருங்கன்னு ஜனங்களக் கேட்டுக்கிட்டார். 1925ல வில்னா நகரத்துல யீவோங்கற யூத ஆய்வு நிறுவனம் வந்தப்புறம் சாதாரண ஆளுங்க பாட்டு, பழமொழி, கதைன்னு சேத்து அனுப்பிக்கிட்டே இருந்தாங்க, இவங்களுக்கு ஸாம்லர்னு பேரு. இமானுவேல் ரிங்கல்ப்ளூம் இந்த மரபுல வந்தவர், ஸ்கூல்ல வரலாறு சொல்லிக்கொடுத்தவர்.

1940 நவம்பர்ல வார்சா கெட்டோவை, அதாவது யூதர்களை ஒதுக்கி வச்ச பகுதியை மூடி 4 லட்சம் பேரை சுவருக்குள்ள அடைச்சப்ப அவர் 50, 60 பேரைச் சேத்துக்கிட்டு ரகசியமா இதே வேலையை ஆரம்பிச்சார். சனிக்கிழமை கூடுவாங்க, அதனால ஓய்னெக் ஷாபெஸ்னு பேரு, ஓய்வுநாள் மகிழ்ச்சின்னு அர்த்தம். எல்லாரும் சாகப்போறோம்னு அப்ப அவங்களுக்குத் தெரியாது தம்பி, யுத்தம் முடிஞ்சதும் இந்த வாழ்க்கையை முழுசா எழுதணும், அதுல பெரிய மனுஷன் மட்டும் இல்லாம சூப் வாங்க வரிசைல நின்னவளும் இருக்கணும்னு நினைச்சாங்க, அதனாலதான் ரேஷன் கார்டு, நாடக போஸ்டர், பிள்ளைங்க எழுதின கட்டுரை, வறுத்த வாத்து கெடைக்கும்னு போட்ட ஹோட்டல் மெனு, தெருவுல பட்டினி கெடந்தவங்களப் பத்தின குறிப்பு, எல்லாமே அதுல இருக்கு. மெனுவும் பட்டினியும் ஒரே பெட்டில இருக்கறதால அந்தத் தெரு நமக்குத் தெரியுது. மிட்டாய் பேப்பரும் அப்படித்தான், அங்கயும் யாரோ மிட்டாய் செஞ்சாங்க, யாரோ ஒரு புள்ள வாங்கித் தின்னுச்சு.

1942 ஆரம்பத்துல ஹெல்ம்னோங்கற ஜெர்மன் கொலை முகாம்லேந்து தப்பி வந்த ஒருத்தர் வேன்ல விஷவாயு விட்டுக் கொல்றதைச் சொன்னதும் வேலையே மாறிடுச்சு. அவர் சொன்னதை எழுதி வெளிநாட்டுக்குக் கடத்தினாங்க. ஜூலைல கெட்டோவுலேந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில் கெளம்ப ஆரம்பிச்சது, 2 மாசத்துல 2.5 லட்சம் பேருக்கு மேல கொண்டுபோனாங்க.

அந்த ஆகஸ்ட்லதான் இஸ்ரேல் லிஹ்டென்ஷ்டைனும் 2 பையன்களும் பேப்பரை 10 தகரப் பெட்டில அடைச்சு நொவொலிப்கி 68ல ஒரு ஸ்கூலுக்கு அடியில புதைச்சாங்க. அதுல ஒருத்தன் டேவிட் கிராபர், வயசு 19. உலகத்துக்குக் கத்திச் சொல்ல முடியாததை மண்ணுல புதைச்சோம்னு எழுதி உள்ள வச்சான். 1943 பிப்ரவரில இன்னொரு பாகத்தை 2 பால் கேன்ல போட்டுப் புதைச்சாங்க, நீங்க பாத்த துருப்பிடிச்ச கேன் அதுல ஒண்ணு. குழுவுல உயிரோட மிஞ்சினது 3 பேர். அதுல ஹெர்ஷ் வாஸருக்கு எடம் தெரியும், 1946 செப்டம்பர்ல இடிபாட்டைத் தோண்டி பெட்டிகளை எடுத்தாங்க, உள்ள தண்ணி புகுந்து பேப்பரெல்லாம் ஊறிப்போயிருந்துச்சு. கேன்கள் 1950ல கெடச்சது, அதுல இருந்தது நல்லா இருந்துச்சு. வேற எடத்துல புதைச்ச 3வது பாகம் இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

ஒண்ணு மட்டும் சொல்லியாகணும். லிஹ்டென்ஷ்டைனோட மனைவி கேலா ஸெக்ஷ்டைன் ஓவியர், குழந்தைங்க முகத்தை நிறைய வரைஞ்சவங்க. அவங்க படம் 300 கிட்ட அந்தப் பெட்டில போச்சு. இனிமே ஒரு யூத மியூசியம் வரும், என் படங்களை அதுக்குக் குடுக்கறேன்னு உயில் எழுதி வச்சாங்க. கைக்குழந்தை மார்கலித் உட்பட 3 பேருமே பொழைக்கல. படங்கள் இப்ப நீங்க போன அந்த நிறுவனத்துலதான் இருக்கு. அடுத்த தடவை போனா பேப்பரை விட்டுட்டு முதல்ல அதைக் கேட்டுப் பாருங்க, அதுக்குப் பாஷை தெரியவேண்டியதில்ல.

அன்புடன்,
அக்கா