கடற்காற்றில் எத்தனை வருடம் நிற்கும்? – கேள்வி பதில்

கட்டடப் பொருட்களின் தரம் பார்ப்பது என் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "சூழலுக்கு நல்லது" என்று எழுதி விற்கிற சாமான்களைப் பற்றியவை. எதைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: திருகோணமலைக் கடற்காற்றில் இது எத்தனை வருடம் நிற்கும்?

நிலாவெளி: அக்கா, கடற்கரைக்குக் கிட்ட வீடு கட்டப் போறம். கலப்புச் சீமெந்து சூழலுக்கு நல்லதெண்டு கடைக்காரர் சொல்றார். மேசன் அது பலமில்லை எண்டுறார். ஆரை நம்புறது?

ரெண்டு பேரும் பாதி சரி. சாதாரண சீமெந்தின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லைக் களியோடு சேர்த்து 1450 பாகை செல்சியசில் வேகவைத்து எடுப்பது. ஒரு தொன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லே வேகும்போது விடுகிற வாயு. சூளைக்கு விறகு போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. கிளிங்கரைக் குறைப்பதுதான் வழி. அதனால்தான் அனல் மின்நிலையச் சாம்பல், இரும்புக் கசடு, சுண்ணாம்புக்கல் பொடி போன்றவற்றைக் கலக்கிறார்கள்.

மேசன் சொல்வது முதல் கிழமைக்கு உண்மை. சாம்பல் கலந்த சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். பலகையை அவசரமாகக் கழற்றக்கூடாது. குறைந்தது பத்து நாளாவது ஈரச்சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். அதற்குப் பிறகு நிலைமை மாறும். சீமெந்து இறுகும்போது மிஞ்சுகிற சுண்ணாம்போடு சாம்பல் சேர்ந்து நுண்துளைகளை அடைத்துவிடும், உப்பு கம்பி வரைக்கும் போவது தாமதமாகும். நிலாவெளிக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் பையில் எழுதியிருப்பதை விட வேலைத்தலத்தில் நடப்பது பெரிது. முதலில் தண்ணீர். 50 கிலோ பை ஒன்றுக்கு 22 லீற்றர் அளவில் நிறுத்துங்கள். ஈரமணலில் இருக்கிற தண்ணீரும் அதற்குள் அடக்கம். குழைக்க இலகு என்று வாளியோடு ஊற்றுவார்கள். மிச்சத் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் துளை. அடுத்தது கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் விடுகிற இடைவெளி. கடலோரத்துக்கு 50 மில்லிமீற்றர் கேளுங்கள். சல்லிக்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு "சரி" என்பார்கள். கொங்கிரீட் போடும்போது ஒருவர் கம்பியில் ஏறி நடந்தால் கல் விலகிவிடும், கம்பி பலகையோடு போய் ஒட்டும். கல்லுக்குப் பதிலாக அதே கலவையில் சின்னக் கட்டிகள் வார்த்து, கம்பியோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

கறள் இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், உள்ளேயிருந்தே கொங்கிரீட்டைப் பிளக்கும். உப்புவெளிப் பக்கம் பழைய கட்டடங்களின் பல்கனி அடியை அண்ணாந்து பாருங்கள், கம்பி ஓடுகிற நேருக்கு மண்ணிறக் கோடு தெரியும். பதினைந்து வருடத்தில் இடித்து மறுபடி போட்டால் "சூழலுக்கு நல்லது" என்கிற எந்தச் சீமெந்தும் அந்தக் கணக்கை ஈடுகட்டாது.

கிண்ணியா: சிஸ்டர், எங்கட அரிசி மில்லில உமிச்சாம்பல் மலைபோலக் கிடக்குது. சீமெந்துக்குப் பதிலாப் போடலாமாமே?

போடலாம் நானா, ஆனால் உங்கள் மில்லில் கிடக்கிற சாம்பலை அப்படியே அள்ளிப் போட முடியாது. 100 கிலோ நெல்லில் 20 கிலோ அளவு உமி, அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. 700 பாகைக்கு மேல் போகாமல் எரித்தால்தான் அந்தச் சிலிக்கா சுண்ணாம்போடு சேரும் தன்மையில் இருக்கும். கூடச் சூடானால் படிகமாகி வெறும் மணல் மாதிரி ஆகிவிடும். குறைய எரிந்தால் கரி மிஞ்சிக் கறுப்பாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சும். அடுப்பு வெப்பத்தை அளந்து, நல்ல மாவாக அரைத்து, சீமெந்தில் பத்து வீதம் மாற்றிப் பாருங்கள். முதலில் நடைபாதைக் கல் வார்த்து உடைத்துச் சோதியுங்கள். தூண், பீமுக்குப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் வேண்டாம்.

உப்புவெளி: சாப்பாட்டுக்கடை நடத்துறன். உக்கிற பிளாஸ்ரிக் கப் எண்டு விலை கூடக் குடுத்து வாங்குறன். கடலுக்குப் போனாலும் பிரச்சினையில்லையா?

பிரச்சினைதான். அநேகமாக அது சோள மாச்சத்திலிருந்து செய்கிற பொலிலக்ரிக் அமிலம். 60 பாகை அளவு சூட்டைத் தொடர்ந்து பிடிக்கிற பெரிய உரக் கூடத்தில் உக்கும். வீட்டுக் குப்பைக்குழி அந்தச் சூட்டுக்கு வராது, கடல் வரவே வராது. ரெஜிபோம் பெட்டியும் லன்ச் சீற்றும் 2017இல் தடைசெய்யப்பட்ட பிறகு அந்த இடத்தைப் பிடித்த சாமான்களில் இதுவும் ஒன்று. கடையில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எவர்சில்வர் தட்டும் கண்ணாடிக் கிளாசும் கொடுங்கள். கழுவ ஒரு ஆள் வேண்டும்தான், அதையும் கணக்குப் பார்த்தே சொல்கிறேன்.

திருக்கடலூர்: பிள்ளை, பழைய பைபர் வள்ளங்கள் கரையில கிடக்குது. பிளாஸ்ரிக் மாதிரி உருக்கி எடுக்கேலாதா?

ஏலாது ஐயா. கண்ணாடி இழையைப் பொலியெஸ்ரர் பிசினில் ஊற வைத்து இறுக வைத்தது அது. ஒருமுறை இறுகினால் பிறகு உருகாது, கருகத்தான் செய்யும். தயவுசெய்து கரையில் வைத்து எரிக்க விடாதீர்கள், அந்தப் புகை பொல்லாதது. ஜேர்மனியில் காற்றாலை இறகுகளைத் துண்டாக்கிச் சீமெந்துச் சூளையில் போடுகிறார்கள். பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடி இழை மூலப்பொருளோடு சேர்கிறது. நம் கரையில் இப்போதைக்குச் செய்யக்கூடியது, ஓட்டை விழுந்தவுடன் ஒட்டுப்போட்டு வள்ளத்தின் ஆயுளைக் கூட்டுவது.

சம்பூர், உயர்தர மாணவி: மிஸ், இங்க நிலக்கரி மின்நிலையத்தைக் கைவிட்டு இப்ப சோலர் வருது. அந்தப் பனல்களும் ஒருநாள் குப்பைதானே?

நல்ல கேள்வி. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போதைய திட்டம் இரண்டு கட்டம், 50 மெகாவாற்றும் 70 மெகாவாற்றும். பனலின் எடையில் முக்கால்வாசி கண்ணாடி. அலுமினியச் சட்டத்தைக் கழற்றி விற்கலாம். சிக்கல் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக்கும் சிலிக்கன் தகடுகளுக்கும் இடையில் ஒரு பிளாஸ்ரிக் படலத்தைச் சூடாக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஈரமும் உப்பும் நுழையாமல் 25 வருடம் காப்பது அதுதான். வெள்ளியையும் சிலிக்கனையும் சுத்தமாகப் பிரிக்க விடாததும் அதுதான்.

மேலே நான் நீடித்து நிற்க வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். அதற்கு எதிர்வாதம் உன் கேள்வியில் இருக்கிறது. அசையாமல் ஒட்டுகிற பொருள் பிரிக்கவும் விடாது. திருக்கடலூர் ஐயாவின் வள்ளத்திலும் அதே கதை. வெயிலிலும் உப்பிலும் விடாமல் பிடித்து, நாம் வேண்டும்போது மட்டும் விடுகிற பசை எது என்பது இரசாயனம் படிக்கிறவர்களுக்கு நல்ல ஆராய்ச்சி. எடுத்துக்கொள்.

சீனன்குடா: அஸ்பெஸ்டஸ் கூரை, மத்தியானம் வீட்டுக்குள்ள இருக்கேலாது. சுரண்டிப்போட்டு வெள்ளை அடிக்கலாமா?

வெள்ளை நல்லது, சூட்டை நன்றாகக் குறைக்கும். சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தூசி நெஞ்சுக்குள் போனால் வருடக்கணக்கில் கழித்துத்தான் நோய் காட்டும். வெடித்து உதிர்கிற சீற் என்றால் பெயின்ற் அடிப்பதை விட்டுவிட்டு, நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி மாற்றுங்கள்.

மூதூர்: கடல் மண்ணைக் கழுவிப் பூச்சுக்குப் பாவிக்கலாமா?

வீட்டில் வாளியால் கழுவுவது காணாது. வேண்டாம்.